வாஷரும் வினாத்தாளும்: ஒரு தோட்ட டிரெசரின் அனுபவம்

மலாயாத் தோட்டங்களில் டிரெசர் என்று அழைக்கப்பட்ட உத்தியோகஸ்தனின் ஸ்தானம் இன்னதென்று இக்காலத்து இளைஞர்களுக்கு விளக்குவது எளிதன்று. அவன் டாக்டர் அல்லன். ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி கண்ட வீட்டிலிருந்து கைவிளக்குடன் ஓடி வருகிறவர்கள் அவன் வாசலைத்தான் தட்டுவார்கள். நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குகிறவன்; ஆயினும் லயம் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு ஜனங்களின் கல்யாணத்திலும் கருமாதியிலும் அவனுக்கு முன்வரிசையில் பாய் விரிப்பார்கள். சட்டத்தின் பாஷையில் அவனுக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரி அசிஸ்டெண்ட் என்று பெயர். அவனைப் பதிவு செய்வதற்கென்றே 1965-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்று, பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் நடுவே பழைய நெடுஞ்சாலையை ஒட்டிக் கிடக்கும் சுங்காய் வட்டாரத்துத் தோட்டங்களில் என் உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். பால் மரங்களை வெட்டிச் சாய்த்துச் செம்பனை நட்டதும், துரைமார் பங்களாவிலிருந்து வெள்ளைக்காரர் போய் நம்மவர் குடியேறியதும், லயத்திலிருந்து நம்மவர் போய் வேற்று நாட்டார் குடியேறியதும் என் கண்முன் நடந்தவை.

இப்போது பல்கலைக்கழகங்களில் சமூகவியல் கற்றவர்களும் யந்திர, இரசாயன நிபுணர்களும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து, ஜனங்களுக்குத் தீங்கு விளைக்காத தொழில்நுட்பத்தை உருவாக்குவது எப்படி என்று ஆலோசிக்கிறார்களாம். பொறியியல் படிக்கும் என் பேத்தி இதை ஒரு நூதனமாக என்னிடம் விவரித்தாள். அந்த ஆலோசனைக்கு இப்படியொரு கௌரவமான பெயர் ஏற்படாத காலத்திலேயே அதன் பலாபலனை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரித் திண்ணையில் இருந்தபடி கண்டவன் என்ற முறையில், என் அனுபவத்தை எழுதி வைப்பது உசிதம் என்று தோன்றியது. என் அபிப்பிராயத்தை மறைப்பானேன்? ஒரு கருவியையோ திராவகத்தையோ வகுக்கிறவர், அதைக் கையில் எடுக்கப்போகிறவர் யார், எந்தக் கணக்கில் கூலி வாங்குகிறார், எதை எப்போது எந்தக் கையால் உண்கிறார், மத்தியானத்துக்கு மேல் எந்த வீட்டு வேலைக்குத் திரும்புகிறார் என்பவற்றை விசாரியாமல் விட்டதுதான், தோட்டத்தில் நான் வைத்தியம் பார்த்த துன்பங்களில் பெரும்பகுதிக்கு மூலகாரணம்.

இந்த விசாரணையின் மகிமைக்கு இந்த மண்ணிலேயே ஒரு பழைய திருஷ்டாந்தம் உண்டு. பெரிபெரி என்னும் வியாதியைப் பற்றிப் படிக்கும்போது அதை அறிந்துகொண்டேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து இந்நாட்டுத் தொழிலாளர் பலர் மாண்டனர். நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த லியோனார்ட் பிராடன் என்பவர், சீனத் தொழிலாளரை வாட்டும் இந்நோய் தமிழ்த் தொழிலாளரை ஏன் அவ்வளவாக அணுகுவதில்லை என்று கேட்டு, அவரவர் அடுப்பங்கரையில் விடை தேடினார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளை அரிசி. நம்மவர் உண்டது புழுங்கலரிசி. 1907-இல் தம் முடிவை அவர் புத்தகமாகவும் வெளியிட்டார். இவ்வளவு தூரம் சரியாக வந்த மனிதர், வெள்ளை அரிசியில் ஏதோ விஷம் சேர்கிறது என்று கருதிக் காரணத்தில் வழுக்கிவிட்டார். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வில்லியம் ஃபிளெட்சரும், டுரியான் திப்பூஸில் சாலை போட்டுக்கொண்டிருந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரிடையே ஃபிரேசர், ஸ்டான்டன் இருவரும், ஒரு சாராருக்கு ஓர் அரிசி மறு சாராருக்கு மற்றோர் அரிசி என்று கொடுத்துப் பார்த்தனர். தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்பது இவ்வாறான பரிசோதனைகளால்தான் பையப்பையத் துலங்கியது. அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தவர் இல்லாவிடில் ஆய்வுக்கூடத்தாருக்கு எதைச் சோதிப்பதென்றே தெரிந்திராது. ஆய்வுக்கூடத்தார் இல்லாவிடில் எட்டிப் பார்த்தவர் இல்லாத விஷத்தைத் தேடிக்கொண்டே இருந்திருப்பார். அந்தப் பரிசோதனைகளுக்கு உள்ளான நோயாளிகளிடமும் கூலிகளிடமும் சம்மதம் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அது இன்று படிக்கும்போதும் உறுத்துகிறது.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த காலத்தில் இவ்விரு சாராரும் வெகுதூரம் பிரிந்துபோயிருந்தார்கள். ஒரு பக்கம் 1920-களில் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தார் புதிய புதிய மரவகைகளையும், பால் அதிகம் சுரக்கப் பட்டையில் தடவும் மருந்துகளையும் கண்டுபிடித்து அனுப்பிக்கொண்டிருந்தனர். மறுபக்கம் ஆர். கே. ஜெயின் என்னும் மானிடவியல் அறிஞர் தோட்டமொன்றில் ஜனங்களோடு தங்கி, அவர்களுடைய உறவுமுறை, கங்காணி அதிகாரம், கோயில், சங்கம் யாவற்றையும் ஆராய்ந்து 1970-இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். பட்டை மருந்து தடவக் கற்றுக்கொடுக்க வந்த உத்தியோகஸ்தர் எவர் கையிலும் அந்த நூலை நான் கண்டதில்லை. அந்த நூலைப் புகழ்ந்த பேராசிரியர் எவரும் பட்டை மருந்தின் டின்னைத் திறந்து முகர்ந்ததாகவும் கேள்விப்பட்டதில்லை.

செம்பனை வந்த பிறகு இந்தப் பிரிவினை எங்கள் பெண்கள் தலையில் விடிந்தது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம்; அதன் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி அதனோடு கூட வரவில்லை. ஆகையால் மகரந்தத்தை முகப்பவுடர் மாவில் கலந்து, பெண்பூங்குலை ஒவ்வொன்றிலும் கையால் ஊதும் வேலை தோட்டங்களில் இருந்தது. அது நிழலில் நடக்கும் வேலை, கனம் தூக்கவேண்டியதில்லை, வயதில் மூத்த பெண்களுக்கும் பிள்ளை பெற்று எழுந்தவர்களுக்கும் ஏற்றது. ஆர். ஏ. சையத் என்னும் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு வண்டு, 1981-இல் ஜொகூரில் விடப்பட்டு, வெகு சீக்கிரத்தில் நாடெங்கும் பரவி, அந்த வேலையைப் பெண்களைவிடத் திறமையாகச் செய்யத் தொடங்கியது. விஞ்ஞானத்தின் வெற்றிகளில் இது உண்மையான வெற்றி. இரசாயனம் எதையும் தெளிக்காமல் விளைச்சல் உயர்ந்தது. வண்டைப் பழிக்க எனக்கு மனம் வராது. ஆனால் கைமகரந்தம் ஊதிய பெண்கள் இனி என்ன செய்வார்கள் என்ற கேள்வியை வண்டு கொண்டுவந்தவர்களும் கேட்கவில்லை, வண்டினால் இலாபம் கண்டவர்களும் கேட்கவில்லை. எங்கள் தோட்டத்தில் அவர்களிற் பெரும்பாலோர் அடுத்த மாதம் பெரட்டில், அதாவது காலை ஆள்கணக்கெடுப்பில், மருந்தடிக்கிற கும்பலில் நின்றார்கள்.

மருந்து என்பது புல்லையும் களையையும் கருக்கும் பாராகுவாட். 1962-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த இந்தத் திராவகம் பட்ட இலை மறுநாளே கருகும், மண்ணில் விழுந்தது களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும், விலையும் சகாயம். தோட்ட நிர்வாகிகள் இதை ஒரு வரப்பிரசாதமாகக் கருதியதில் வியப்பில்லை. வைத்தியன் பக்கத்திலிருந்து பார்த்தால் இதைப்போல் கையை விரிக்க வைக்கும் வஸ்து வேறில்லை. வாய்வழி உள்ளே போனால் இதற்கு மாற்று மருந்து கிடையாது. ஈரற்குலையும் சிறுநீரகமும் ஒருபுறம் கெட, நுரையீரல் இதைத் தேடித்தேடி உறிஞ்சிக்கொள்ளும். மூச்சுத் திணறுகிறவனுக்குப் பிராணவாயு கொடுப்பதுதான் எவருக்கும் தோன்றும் சிகிச்சை, அதுவே இந்த விஷத்தின் விஷயத்தில் நாசத்தைத் துரிதப்படுத்தும். முல்தானி மண்ணைப் போன்ற களிமண்ணையோ கரித்தூளையோ கரைத்துப் புகட்டி, ஈப்போவுக்கோ தெலுக் இந்தானுக்கோ ஆம்புலன்ஸை விரட்டுவதைத் தவிர எங்களால் ஆவது ஒன்றுமில்லை. மனம் உடைந்தவர்கள் இதைத் தேடிக் குடித்த வீடுகளை நான் விவரிக்கப்போவதில்லை. தினந்தோறும் என் மேஜைக்கு வந்தவை சிறிய துன்பங்கள்: முதுகிலும் தொடையிலும் தோல் வெந்த புண், கறுத்துக் கழன்று விழும் நகம், காரணமின்றி ஒழுகும் மூக்கு இரத்தம், கண் எரிச்சல்.

இவற்றை நான் எழுதவேண்டிய பதிவேட்டில் நோயின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. வேலையின் பெயருக்குக் கட்டம் இல்லை. தோல் அழற்சி என்று எழுதிக் களிம்பு கொடுத்தால் கணக்கு முடிந்தது. மாத முடிவில் மேலே போகும் சுருக்கத்தில், லயத்துக் குழந்தையின் சிரங்கும் மருந்தடிக்கும் பெண்ணின் வெந்த முதுகும் ஒரே எண்ணாகக் கூட்டப்பட்டன. எவரும் பணிக்காமலே, ஓரத்து வெற்றிடத்தில் அன்று அவர் செய்த வேலையையும், வேலை செய்த வட்டத்தின் எண்ணையும் பென்சிலால் குறித்து வரத் தொடங்கினேன். கட்டம் இல்லாத இடத்தில் எழுதுவது நிர்வாகத்துக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் பென்சில்தானே என்று விட்டுவிட்டார்கள்.

தொண்ணூறுகளில் இருவர் வந்தார்கள். ஒருவர் இரசாயனம் கற்ற மலாய் இளைஞர். மற்றவர் சமூகவியல் கற்ற நம் பெண், வேறொரு மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பட்டப்படிப்புக்காகத் தோட்ட வேலைகளை நேரில் காண வந்த இருவரும் வெவ்வேறு துறையினர். ஒரே விடுதியில் தங்க நேர்ந்ததும் ஒரே மோட்டார் சைக்கிளைப் பங்கிட்டுக்கொண்டதுமே அவர்களைச் சேர்த்தவை என்று பிறகு அறிந்தேன். அதற்கு முன் வந்தவர்களெல்லாம் பெரட்டுக் களத்தில் வண்ணப்படத்தை மாட்டி, கையுறை, முகமூடி, காலணி, கண்ணாடி என்று குச்சியால் சுட்டிக்காட்டி, தேநீர் அருந்திவிட்டுப் போனவர்கள். அந்தப் படத்தில் இருந்த ஆளைப்போல் உடுத்துக்கொண்டு நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் மயக்கம் போட்டு விழவேண்டியதுதான். படத்தில் இருந்தவனும் ஆண். களத்தில் நின்றவர்கள் பெண்கள். கையுறையின் அளவும் அவனுக்குத் தைத்ததே.

முதல் வாரத்தில் இருவருக்கும் இடையே ஓயாத தர்க்கம். இளைஞருக்கு எண்கள் வேண்டும். எவ்வளவு திராவகம், எவ்வளவு தண்ணீர், காற்று எந்தத் திசை என்று அளந்து எழுதுவார். பெண்ணுக்குக் கதைகள் வேண்டும். மாலையில் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து, யார் வீட்டில் யார் சமைக்கிறார், கூலியில் யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று பேச்சுக் கொடுப்பார். அளந்தது போதாதா என்பார் இவர். அளக்கவேண்டியதை அளந்தீரா என்பார் அவர். என் ஆஸ்பத்திரித் திண்ணைதான் இருவருக்கும் பொதுவான வழக்காடுமன்றம். என்னுடைய பென்சில் குறிப்புகளைக் கண்ட பிறகுதான் தர்க்கம் சற்றுத் தணிந்தது. அவற்றில் இருவருக்குமே தீனி இருந்தது.

ஒரு நாள் இளைஞர் மருந்துக்குப் பதிலாகச் சாயம் கலந்த வெறுந்தண்ணீரைப் பம்புகளில் நிரப்பி, பெண்களுக்குப் பழைய வெள்ளைத் துணி கொடுத்து உடுத்தச் செய்து, வழக்கம்போல் அடித்துவரச் சொன்னார். திரும்பி வந்தபோது, நாங்கள் எதிர்பார்த்தபடி மார்பிலும் முகத்துக்கு நேரேயும் சாயம் மிகுந்திருக்கவில்லை. முதுகின் கீழ்ப்பாதியும் இடுப்பும் தொடையின் பின்புறமும்தான் நனைந்து சிவந்திருந்தன. காற்றில் திரும்பி வரும் தூறலைப் பற்றியே படங்களெல்லாம் எச்சரித்தன. உண்மையில் திராவகம் முதுகில் சுமந்த பம்பின் மூட்டு வழியாகக் கசிந்து வழிந்துகொண்டிருந்தது. மூட்டில் இருக்கவேண்டிய ரப்பர் வாஷர் தேய்ந்தோ இல்லாமலோ இருந்தது. உலகத்து ரப்பரில் பெரும்பங்கை விளைவித்த நாட்டில், ஒரு காசு பெறாத ரப்பர் வளையம் இல்லாமல் பெண்களின் முதுகு வெந்தது என்பதை நினைத்து இளைஞர் வெட்கப்பட்டார். நல்ல வாஷர் போட்டால் தீர்ந்தது என்று அறிக்கையையும் எழுதத் தொடங்கிவிட்டார்.

அவ்விடத்தில்தான் அந்தப் பெண் அவரை நிறுத்தினார். வாஷர் ஏன் இல்லை என்று யாரையாவது கேட்டீரா என்றார். மறுநாளிலிருந்து வாஷரின் பூர்வோத்தரத்தை அவர் துருவினார். கும்பலுக்கு மூத்தவரான ஓர் அம்மாளிடம் கேட்டபோது, "ஸ்டோர்ல கேட்டா, போன மாசந்தானே குடுத்தேன்னு கிராணி சத்தம் போடுவாருங்க பாப்பா. அதான் சைக்கிள் டியூப்ப வெட்டிப் போட்டுக்குவோம்," என்றார். சைக்கிள் டியூப் மருந்து பட்டு ஊதிப்போய்ச் சில நாளில் கிழியும். ஸ்டோர் கிராணியைக் கேட்டால், பம்பின் உதிரிப் பொருள்களுக்கு மாதத்துக்கு இவ்வளவுதான் என்று மேலிடத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள், மீறினால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வரம்பு வகுத்தவருக்கோ, பம்பு ஒழுகினால் என் ஆஸ்பத்திரிக் களிம்புக் கணக்கு ஏறும் என்பது தெரியாது; களிம்பு வேறு தலைப்பில் எழுதப்பட்டது. இரசாயனம் கற்றவர் இந்தச் சங்கிலியின் ஒரு நுனியைக் கண்டார். மறுநுனி கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

இதைவிடச் சிக்கலான ஒன்று பம்பின் கனத்தைப் பற்றியது. நீர் நிரம்பிய பம்பு ஏறக்குறைய இருபது கிலோ. அதைச் சுமந்து மேட்டிலும் பள்ளத்திலும் நடப்பது மெலிந்த பெண்களுக்குப் பெரும்பாரம். ஆகவே சிறிய பம்பு கொடுக்கலாம் என்று இளைஞர் யோசனை சொன்னார். கேட்பதற்கு நியாயமாக இருந்தது, நானும் தலையசைத்தேன். பெண்களோ ஒரே குரலாக வேண்டாம் என்றார்கள். "சின்ன பம்புன்னா தண்ணிக்கு ரெண்டு தடவ நடக்கணும் ஐயா, நிரை முடியாது, அப்புறம் அரைப்பேர்தான் போடுவாங்க," என்று ஒருத்தி விளக்கினாள். நாளொன்றுக்கு இத்தனை நிரை என்று வகுத்திருந்தபடி முடித்தால்தான் முழுப்பேர்; முடியாவிட்டால் பாதிக் கூலி. கனத்தைக் குறைக்கும் சீர்திருத்தம் கூலியையும் குறைத்துவிடும் என்பது பம்பை எத்தனை முறை நிறுத்துப் பார்த்தாலும் புலப்படாது. இருவரும் பல இரவுகள் கூடிப் பேசி, பம்பை அப்படியே விட்டுவிட்டு, தண்ணீர்ப் பீப்பாய்களை ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் வைப்பது, முன்னோக்கி அடித்துச் செல்லாமல் பின்னோக்கி வந்துகொண்டே அடிப்பது, வாஷரை ஸ்டோரில் பூட்டாமல் பெரட்டில் மண்டோர் என்னும் மேற்பார்வையாளர் கையில் கொடுப்பது என்று சில எளிய ஏற்பாடுகளை எழுதிக் கொடுத்தார்கள். வெற்றிலை விஷயமும் அதில் இருந்தது. பெண்கள் மருந்து கலந்த விரலாலேயே சுண்ணாம்பு தடவி வெற்றிலை மடிப்பதைக் கண்ட இளைஞர், வேலைக்காட்டில் வெற்றிலை கூடாது என்று சட்டம் போடச் சொன்னார். சமூகவியல் பெண், வெற்றிலையைப் பறித்தால் உங்களையே காட்டுக்குள் விடமாட்டார்கள் என்று சிரித்து, பீப்பாய் அருகே ஒரு கைகழுவும் வாளியையும் சவர்க்காரத்தையும் சேர்த்தார்.

அக்காலத்தில் எங்களுக்கு வாய்த்த சின்னத் துரை நல்ல மனிதர். ஏற்பாடுகளில் பாதியை நிறைவேற்றினார். வெந்த முதுகுகள் குறைந்ததை என் பதிவேடு காட்டியது. நகமும் மூக்கு இரத்தமும் குறையவில்லை. இதை ஒளிக்காமல் எழுதவேண்டும்; ஏனென்றால் கூடிச் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சர்வரோக நிவாரணியாக வர்ணிப்பதை இப்போது கேட்கிறேன். வாஷரால் திருத்தக்கூடிய தீங்கு உண்டு. பொருளையே விலக்கினாலன்றித் தீராத தீங்கும் உண்டு. எது எந்த வகை என்று பிரித்தறிவதற்கே அவ்விருவரின் கூட்டு உதவியது. கையுறையும் முகமூடியும் அணிந்தால் ஆபத்தில்லை என்ற வாதத்தை, அணியமுடியாது என்பதை நேரில் கண்ட இருவரும் சேர்ந்து மறுத்தது அந்த வருகையின் மேலான பயன் என்பேன்.

இடையில் ஒரு சிறு வேடிக்கை. எலியை ஒழிக்க விஷம் வைப்பதற்குப் பதிலாக, கம்பத்தின் மேல் பெட்டி பொருத்திக் கூகையைக் குடிவைக்கும் முறை எண்பதுகளில் செம்பனைத் தோட்டங்களில் பரவியது. மிக நல்ல முறை. ஒரு ஜோடி கூகை பிடிக்கும் எலிகளை எந்த விஷமும் பிடிக்காது. எங்கள் தோட்டத்தில் முதல் பெட்டிகளை லயத்துக்குப் பக்கத்தில் நட்டார்கள். இரவில் கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நம்புகிற ஜனங்கள் அவற்றை என்ன செய்திருப்பார்கள் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஒரு கிழ மண்டோர் சொல்லித்தான் பெட்டிகளை உட்காட்டு வட்டங்களுக்கு மாற்றினார்கள்; எலியும் அங்கேதான் அதிகம்.

பொருளையே விலக்கும் காரியம் தோட்டத்தில் முடிவதன்று. அது நீதிமன்றத்திலும் அமைச்சிலும் தீரவேண்டியது. அங்கும் இரு சாராரும் சேர்ந்து நின்றால்தான் வழக்கு நிற்கும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே அத்தாட்சி உண்டு. ஈப்போவை அடுத்த லஹாட் பக்கத்துப் புக்கிட் மேராவில், ஈயச் சுரங்கக் கழிவு மணலிலிருந்து கிடைத்த மோனசைட்டைப் பிரித்து அருமண் உலோகங்கள் எடுக்கும் ஏஷியன் ரேர் எர்த் தொழிற்சாலை 1982-இல் இயங்கத் தொடங்கியது. எஞ்சிய கழிவில் தோரியம் என்னும் கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா 1984-இல் வந்து கதிர்வீச்சை அளந்தார். டாக்டர் ஜெயபாலன் கிராமத்து மக்களின் உடல்நிலையை ஆராய்ந்தார். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தார் துணைநிற்க, வழக்கறிஞர் மீனாட்சி ராமன் முதலியோர் வாதாட, கிராமத்தார் 1985-இல் வழக்குத் தொடுத்தனர். அளவைகளும் அத்தாட்சிகளும் ஒரு பக்கம். வேலியற்ற கழிவுக்கருகில் நடமாடி வாழ்ந்த ஜனங்களின் வாக்குமூலம் மறுபக்கம். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் கிராமத்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. நான் மருந்துச் சாமான் வாங்க ஈப்போவுக்குப் போகும் நாட்களில் காப்பிக் கடைகளில் இதைத் தவிர வேறு பேச்சில்லாதிருந்தது நினைவிருக்கிறது.

பாராகுவாட்டின் வழக்கு அதைவிட நீண்டது. ஐரீன் பெர்னாண்டஸ் 1991-இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பும், சரோஜினி ரெங்கம் வழிநடத்திய பினாங்கைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும், மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி 1992-இல் ஓர் அறிக்கையையும் 2002-இல் மற்றோர் அறிக்கையையும் வெளியிட்டன. பெண்களின் வாய்மொழியும் வைத்தியப் பரிசோதனையும் சேர்ந்து ஆராயப்பட்டதைக் கேள்வியுற்றபோது, என் பென்சில் குறிப்புகளுக்குப் பெரிய இடத்தில் உறவினர் கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன். 2002-ஆம் ஆண்டிலேயே மலேசிய அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கப்போவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவைத் தளர்த்தியது. சுவீடன் 1983-இலேயே தடை செய்திருந்தது. சுவீடன் தொடுத்த வழக்கில் 2007-இல் ஐரோப்பிய அனுமதி ரத்தாயிற்று. அதற்கடுத்த ஆண்டுகளில் இலங்கையும் விலக்கியது. மலேசியாவில் முழுத்தடை 2020 ஜனவரி முதல் தேதியன்றுதான் அமலுக்கு வந்தது. 2005-இல் ரைட் லைவ்லிஹுட் பரிசு பெற்ற ஐரீன் அதைக் காண இருக்கவில்லை, 2014-இல் காலமானார். முதல் அறிக்கைக்கும் தடைக்கும் நடுவே ஓடிய காலத்தை, மருந்தடித்து ஓய்ந்த பெண்களின் ஆயுளால் அளந்தால் அது மன்னிக்கத்தக்கதன்று என்பது என் தீர்மானமான கருத்து.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி இப்போது இல்லை. மருந்தடிக்கிறவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த ஆண்கள். மருந்துகள் வேறு, பம்பு அதே பம்பு. ஆளில்லாமல் பறந்து தெளிக்கும் யந்திரங்கள் சில இடங்களில் வந்துவிட்டன. அவற்றை இயக்கவும் பழுதுபார்க்கவும் மருந்து ஊற்றவும் மனிதர்தாம் வேண்டியிருக்கிறது. இத்தகைய கருவிகளை வகுக்கும் இளைஞர்களுக்கும், ஜனங்களை விசாரிக்கப் புறப்படும் இளைஞர்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான்: வந்தால் இருவருமாக வாருங்கள். வெயிலேறிய பின் வராமல், இருள் பிரியுமுன்னே பெரட்டுக்கு வந்து நில்லுங்கள். ஸ்டோர் கிராணியிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். வங்காளமும் நேப்பாளமும் அறிந்த ஒருவரைக் கட்டாயம் கூட அழைத்து வாருங்கள். இங்கே தமிழில் கேட்டால் பதில் சொல்ல இப்போது ஆள் இல்லை.